முத்துக் கூட்டைத் துடைப்பவள்

குகையில் வேலை பார்ப்பதாகச் சொன்னால் யாரும் சட்டென்று நம்புவதில்லை. அங்கே என்ன வேலை என்று கேட்டால் அவள், "முடி பொறுக்கறேன்" என்பாள். கேட்டவர்கள் சிரித்துவிட்டு, நிஜமாகவே என்ன வேலை என்று மறுபடியும் கேட்பார்கள்.

நிஜமான வேலையே அதுதான். குகையைப் பார்க்க வருகிறவர்கள் எதையாவது விட்டுவிட்டுத்தான் போகிறார்கள். தலைமுடி, சட்டையிலிருந்து உதிரும் நூல் பிசிறு, தோலிலிருந்து உதிரும் பொடி. உள்ளே காற்று அசைவதில்லை. அதனால் எல்லாம் மெல்ல இறங்கிக் கல்லின்மேல் படியும். ஈரக் கல் பிடித்த பிடியை விடாது. கொஞ்ச காலம் கவனிக்காமல் விட்டால் மேலே சுண்ணாம்பு ஒரு படலமாக ஏறிவிடும். அப்புறம் எந்த ஊர்க்காரருடைய முடியோ அந்தக் கல்லுக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான். அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்வதற்காக, வாரத்தில் குகை மூடியிருக்கும் நாளில் அவள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பெயின்ட் பிரஷ்ஷும் இடுக்கியும் ஒரு வாளித் தண்ணீருமாக உள்ளே போவாள்.

வெளியே வரும்போது பைக்குள் பஞ்சு போல ஒரு பந்து இருக்கும். சாம்பல் நிறம், தொட்டால் பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று இருக்கும். அதை வைத்துத்தான் அவளுக்குப் பஞ்சக்கா என்று பெயர். முதலில் டிக்கெட் கொடுக்கிறவர் வேடிக்கையாகக் கூப்பிட்டார். பிறகு மேனேஜர் கூப்பிட்டார். இப்போது அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாட்ச்மேனுக்கே தெரியாது.

அவளுடைய கணவர் அதே குகையில் லைட்டுக்காரர். ஒயர் இழுப்பது, பல்பு மாற்றுவது, சுற்றுலாக் கூட்டம் எந்த அறைக்கு வருகிறதோ அந்த அறைக்கு வெளிச்சம் போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. வீட்டில் அவர்களுக்குள் நடக்கிற சண்டையில் பாதி அந்த விளக்குகளைப் பற்றித்தான். விளக்கு எரிகிற இடத்தில் பச்சையாகப் பாசி பிடிக்கும். அதைத் துடைப்பவள் அவள். நீங்கள் சொகுசாக ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறீர்கள், முட்டி தேய்வது எனக்கு என்பாள் அவள். என் விளக்கு இல்லையென்றால் உன் குகையை எவன் காசு கொடுத்துப் பார்ப்பான் என்பார் அவர். இருபது வருஷத்துக்கு மேலாக இரண்டு பேரும் இதே வசனத்தைப் பேசுகிறார்கள். அலுத்த மாதிரி தெரியவில்லை.

மூடிய நாளில் விளக்குகள் கிடையாது. அவள் நெற்றி எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் மட்டும்தான் குகை இருக்கும்.

முதல் கூடத்தில் எல்லாக் குகையிலும் இருப்பதுதான்: மேலிருந்து தொங்கும் கல், கீழிருந்து எழும்பும் கல். அடுத்தது வேர் அறை. அங்கே சுவரிலிருந்து நூல் கனத்தில் வெள்ளைக் கல் முளைத்திருக்கும். கல் என்றால் கீழ்நோக்கி வளர வேண்டும் இல்லையா? இவை பக்கவாட்டில் வளரும், திரும்பி மேலே ஏறும், பிறகு மனம் மாறினாற்போல வளைந்து சுவருக்கே போகும். ஏன் அப்படி என்று வருகிறவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். பஞ்சக்கா எந்தக் காரணமும் சொல்வதில்லை. அந்த அறைக்கு முதுகு காட்டாமல், பின்பக்கமாகவே நடந்து வெளியேறுவாள். அவ்வளவுதான்.

அதற்கும் அப்பால் ஒரு சுவர் முழுக்க நிலாப்பால். வெண்ணெய் வழித்துப் பூசினதுபோல வெள்ளையாக, ஈரமாக, என்றைக்கும் காயாத கல். விரலை வைத்தால் பதிந்துவிடும். அதனால் அங்கே கம்பி வேலி. வேலி போடுவதற்கு முன்பே யாரோ ஒரு மகராசி நான்கு விரலை இழுத்துவிட்டுப் போயிருக்கிறாள். முழங்கை உயரத்தில் நான்கு கோடுகள். ஆம்பளை விரலாக இருக்காது, அவ்வளவு ஒல்லி. அதைப் பார்க்கும்போதெல்லாம் பஞ்சக்காவுக்கு எரிச்சல் வரும். கண்காட்சிக்கு வந்தால் கண்ணால் பார்க்க வேண்டியதுதானே என்று முணுமுணுத்துக்கொண்டே போவாள்.

கடைசி அறையில்தான் முத்துக் கூடு இருக்கிறது. நோட்டீஸில் படம் போட்டிருப்பதும் அதைத்தான். தரையில் அகலமான தாம்பாளம் மாதிரி ஒரு பள்ளம், அதில் கணுக்கால்கூட நனையாத தண்ணீர், தண்ணீருக்குள் முத்துகள். கல் முத்துகள். ஒரு மணல் துணுக்கின்மேல் சொட்டு விழுந்து விழுந்து, அதைப் புரட்டிப் புரட்டி, சுண்ணாம்பு சுற்றிச் சுற்றி ஏறி உருண்டையாகிறது. ஒவ்வொரு முத்துக்கும் அடியில் அதற்கென்று ஒரு குழி இருக்கும், பறவைக் கூட்டில் முட்டைக்கு இருக்கிற மாதிரி. மேலிருந்து சொட்டு விழுவது நின்றுபோனால் முத்து குழியோடு ஒட்டிக்கொண்டுவிடும். அதற்கப்புறம் அது வெறும் தரை.

அந்த அறைக்குள் நுழையும்போது சொட்டு நின்றுவிடும். எப்போதும் இல்லை, பல சமயம். நாலு பெண்கள் பேசிக்கொண்டிருக்கும் இடத்துக்கு நாம் போனதும் பேச்சு சட்டென்று நிற்குமே, அந்த மாதிரி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்கு அது பிடிக்கவில்லை. பிறகு ஒருநாள் வாசலிலேயே நின்று, "நான்தான்" என்று சொல்லிப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் சொட்டு மறுபடி விழ ஆரம்பித்தது. அன்றிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. யாரிடம் சொல்கிறாய் என்று கணவர் கேலி செய்ததற்கு, உங்களிடம் சொன்னால்தான் காதில் விழுவதில்லையே, அதான் அங்கே சொல்கிறேன் என்றாள்.

அந்தக் கூட்டில்தான் அவளுடைய மகளின் பல் இருந்தது.

மகளுக்கு முதல் பல் விழுந்தபோது வயது ஆறு. பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் பல்லை அம்மாவின் கையில் திணித்து, பத்திரமாக வை, யாருக்கும் காட்டாதே என்று சொல்லிவிட்டு ஓடினாள். பஞ்சக்கா அதைத் துண்டுக் காகிதத்தில் சுற்றி வேலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். முத்துக் கூட்டின் ஓரத்தில் குனிந்து பாசி துடைக்கும்போது காகிதம் பிரிந்து பல் தண்ணீரில் விழுந்தது. விழுந்ததை அவள் பார்த்தாள். ஓரமாக இருந்த ஒரு வெற்றுக் குழியில் போய் உட்கார்ந்தது. இடுக்கி கையில்தான் இருந்தது, எடுத்திருக்கலாம். ஆனால் அது அந்தக் குழிக்கென்றே செய்த மாதிரி அப்படிப் பொருந்தியிருந்தது. மேலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. பல் லேசாகப் புரண்டு படுத்தது. அடுத்த வாரம் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

அடுத்த வாரமும் எடுக்கவில்லை. பிறகு எடுக்க முடியாது என்று ஆகிவிட்டது, ஏனென்றால் அதன்மேல் சுண்ணாம்புத் தோல் ஏறத் தொடங்கியிருந்தது. மகள் வளர வளர அதுவும் வளர்ந்தது. அரிசி மாதிரி இருந்தது பயறு மாதிரி ஆயிற்று, பிறகு பட்டாணி. மகள் எப்போதாவது நினைத்துக்கொண்டு, என் பல் எங்கே என்று கேட்டால், பத்திரமாக இருக்கிறது என்பாள். பொய் இல்லை. அதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் உண்டா?

இப்போது மகளுக்கு இருபத்தாறு வயது. செல்போன் ரிப்பேர் கடையில் வேலை. அம்மாவைவிட வாய் அதிகம்.

போன மழைக்காலத்துக்குப் பிறகுதான் ஆராய்ச்சிக்கார அம்மாள் வந்தாள். பெரிய படிப்பு. கல்லின் வயதைக் கண்டுபிடிப்பவள் என்பதால் வாட்ச்மேன் அவளுக்குக் கல்லு டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டார். முத்துக் கூட்டிலிருந்து ஒரே ஒரு முத்தை எடுத்து, இரண்டாக அறுத்து, உள்ளே எத்தனை சுற்று இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். மேலிடத்து அனுமதியோடு வந்திருந்தாள். நடுவில் கை வைக்க வேண்டாம், பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படாதபடி ஓரத்திலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

ஓரத்தில்தான் பஞ்சக்காவின் மகள் பல் இருந்தது. அறுத்தால் பல் வெளியே வரும். அந்தக் கூட்டைத் தொடுகிற கை அவளுடையது ஒன்றுதான். வேலை போகும், அதோடு கணவர் வேலையும் போனால் ஆச்சரியமில்லை.

மூடிய நாளில் கல்லு டாக்டர் வருவதற்கு முன்பே அவள் உள்ளே போனாள். "நான்தான்" என்றாள். அன்றைக்குச் சொட்டு நிற்கவே இல்லை. ஓரத்து முத்தை இடுக்கியால் எடுத்து, மதியச் சாப்பாடு கொண்டுவந்த டப்பாவின் மேல்தட்டில் வைத்து மூடினாள். எடுத்த இடத்தில் குழி காலியாக, வழவழவென்று, ஒரு கண்ணைப் பிடுங்கின மாதிரி இருந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் விளக்கை வேறு பக்கம் திருப்பினாள்.

கல்லு டாக்டர் அதற்கு அடுத்ததை எடுத்தாள்.

ஆபீஸ் அறையிலேயே மேஜையை ஒதுக்கி, காகிதம் மாதிரி மெலிசான ரம்பத்தை வைத்து அறுத்தாள். மேனேஜர், டிக்கெட்காரர், வாட்ச்மேன், லைட்டுக்காரர் எல்லோரும் சுற்றி நின்றார்கள். பஞ்சக்கா கதவோரம். முத்து இரண்டாகப் பிரிந்ததும் கல்லு டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். நடுவில் மணல் இல்லை. குழந்தையின் பல் ஒன்று, பாதியாக அறுபட்டு, உட்பக்கம் தெரிய, பழுப்பாக இருந்தது.

தப்பான முத்தை எடுத்துவிட்டோம் என்று பஞ்சக்காவுக்குப் பட்டது. வெளிச்சத்தைச் சரியாகப் பிடிக்கவில்லை, ஒன்று தள்ளி எடுத்துவிட்டேன், என் பிள்ளையின் பல்லை விட்டுவிட்டு யாருக்கும் வேண்டாத கல்லைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். டப்பா அவள் தோள்பையில்தான் இருந்தது. திடீரென்று அது கனத்தது.

மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. எவனோ விளையாடியிருக்கிறான், இது வெளியே தெரிந்தால் மொத்தக் கூடும் போலி என்று சொல்லிவிடுவார்கள், ஒன்று விடாமல் எல்லாவற்றையும் எடுத்து அறுத்துப் பார்த்துவிடலாம், மானம் போனால் ஒரேயடியாகப் போகட்டும் என்றார். இத்தனை வருஷம் பஞ்சக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைத்த கூடு அது.

"வேணாம் சார்" என்றாள் பஞ்சக்கா. "அது எம் பொண்ணோட பல்லு. நான்தான் விட்டுட்டேன். மத்தது எல்லாம் நிஜம். அதுங்களைத் தொடாதீங்க."

கணவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் கல்லு டாக்டர் கையைக் காட்டித் தடுத்தாள். அவள் ஏற்கெனவே அந்தப் பாதியைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டிருந்தாள்.

"உங்க பொண்ணுக்கு என்ன வயசும்மா?"

"இருபத்தாறு."

"அப்போ இது அவளோடது இல்ல. இங்க வந்து பாருங்க."

பஞ்சக்கா குனிந்து பார்த்தாள். பல்லைச் சுற்றி வெங்காயம் அறுத்த மாதிரி வளையம் வளையமாக, ஒன்றுக்குள் ஒன்றாக, எண்ணப் போனால் கண் பூத்துவிடும் அளவுக்கு. சில ஆயிரம் வருஷமாவது இருக்கும், சரியாகச் சொல்ல நாளாகும் என்றாள் கல்லு டாக்டர். அவள் குரலில் முன்பிருந்த தெம்பு இல்லை.

மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தார். குகைக்கு முன்பு வாசலே கிடையாது, அவருடைய அப்பா காலத்தில் ரோடு போடப் பாறைக்கு வெடி வைத்தபோதுதான் இப்படி ஒன்று இருப்பதே தெரிந்தது என்றார். அதற்கு முன்னால் ஒரு ஆள் எப்படி உள்ளே போக முடியும்? ஏதாவது வழி இருந்து, பிறகு கல் வளர்ந்து மூடியிருக்கும் என்றாள் கல்லு டாக்டர். இது தவிர எலும்பு, பானை ஓடு, அடுப்புக் கரி ஏதாவது கிடைத்ததுண்டா என்று கேட்டாள். எதுவும் இல்லை. யாரும் அங்கே வாழ்ந்த தடயம் இல்லை, செத்த தடயமும் இல்லை. ஒரு குழந்தைப் பல் மட்டும்தான், அதற்கென்று இருந்த குழியில்.

வாட்ச்மேன் மெதுவாக வெளியே போய் வெயிலில் நின்றுகொண்டார்.

அப்போதுதான் மேனேஜருக்கு ஞாபகம் வந்தது. "அது சரி பஞ்சக்கா. அப்போ உங்க பொண்ணு பல்லு எங்க?"

அவள் டப்பாவைத் திறந்து காட்டினாள். கல்லு டாக்டர் அதை வாங்கி உருட்டிப் பார்த்தாள், ஆனால் அறுக்கக் கேட்கவில்லை. விழுந்த வருஷம் தெரிந்த முத்து, அது பாட்டுக்கு வளரட்டும், இருந்த இடத்திலேயே வைத்துவிடச் சொல்லுங்கள் என்றாள். மேனேஜர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"நான் எதையும் கேக்கல, சரியா? அடுத்த லீவு நாள்ல போய் இருந்த இடத்துல வெச்சிருங்க. ஆனா இனிமே அந்தக் கூட்டுல புதுசா ஒரு துரும்பு கெடந்தாலும் முதல்ல எங்கிட்ட வந்து சொல்லணும். மறைச்சீங்கன்னு தெரிஞ்சா அன்னிக்கே ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயிரலாம். உங்க வீட்டுக்காரரையும் சேத்துத்தான் சொல்றேன்."

வீட்டுக்கு வந்ததும் முத்தைக் குகைத் தண்ணீர் கொஞ்சம் ஊற்றிய கண்ணாடித் தம்ளரில் போட்டு வைத்தாள், காய்ந்துவிடக் கூடாது என்று. மகள் வேலை முடிந்து வந்து, இது என்ன என்று கேட்டாள். சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. சொல்லி முடிக்கும்வரை மகள் குறுக்கே பேசாமல் கேட்டதே அதிசயம்.

"பத்திரமா இருக்கு, பத்திரமா இருக்குன்னு சொன்னியே. இதுதானா உன் பத்திரம்? கல்லுக்குள்ள வெச்சுச் சமாதி கட்டியிருக்கே."

சமாதி என்ற வார்த்தை பஞ்சக்காவுக்குப் பிடிக்கவில்லை. மகள் முத்தை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தாள். பிறகு எதிர்பாராமல் வாயில் போட்டு, அந்தப் பல் முன்பு இருந்த இடத்தில் நாக்கால் தள்ளி வைத்துப் பார்த்தாள். துப்புடி என்றார் அப்பா. அவள் உடனே துப்பிவிட்டாள்.

"சில்லுன்னு இருக்குப்பா. வாய்க்குள்ளயும் சூடாகல." கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். "அம்மா, அங்க ஏற்கெனவே யாரோடதோ ஒண்ணு இருந்துச்சுன்னு சொல்றியே. இது என்னோடதுதான்னு உனக்கு நிச்சயமா தெரியுமா?"

பஞ்சக்கா முத்தை வாங்கி மறுபடி தம்ளருக்குள் போட்டாள். உடைத்தால் தெரிந்துவிடும் என்றாள் மகள். உடைத்தால் எதுவுமே மிஞ்சாது, பேசாமல் போய்ப் படு என்றார் அப்பா. அந்த வாரம் முழுக்க முத்து சமையலறை அலமாரியில் தம்ளருக்குள் கிடந்தது. அதைத் தாண்டித்தான் உப்பு டப்பாவை எடுக்க வேண்டும். மகள் உப்பு எடுக்கும் வேலையை அம்மாவிடமே விட்டுவிட்டாள்.

மூடிய நாள் வந்தது. தம்ளரோடு உள்ளே போனாள். வேர் அறையைத் தாண்டி நிலாப்பால் சுவருக்கு வந்தபோது அந்த நான்கு கோடுகளும் வெளிச்சத்தில் பட்டன. வழக்கமாக முணுமுணுத்துவிட்டுப் போகிறவள் அன்றைக்கு நின்று விளக்கைக் கிட்டே கொண்டுபோனாள். சுவர் முழுக்க ஈரப் பசையாக இருக்க, கோடுகளின் மேல் மட்டும் மெல்லிய கல் படலம் ஏறிக் கண்ணாடி மாதிரி மின்னியது. இத்தனை வருஷமும் இது கண்ணில் படவில்லை. வேலிக்கு இப்பால் நின்றே கையை நீட்டி, தொடாமல், தன் நான்கு விரலையும் அதற்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது. வழுக்கும் தரையில் நடக்கும்போது, ஒரு கையில் எதையாவது பத்திரமாக வைத்திருந்தால், வேலி மட்டும் இல்லையென்றால், விழாமலிருக்க அவளும் அதே இடத்தில்தான் சுவரைப் பிடிப்பாள்.

கடைசி அறை வாசலில் நின்று, "நான்தான்" என்றாள். சொட்டு நின்றது. ரொம்ப நேரம் நின்றிருந்தது. பிறகு ஒன்று விழுந்தது, பிறகு இன்னொன்று.

கூட்டின் ஓரத்தில் குனிந்தாள். கல்லு டாக்டர் எடுத்த இடம் காலியாக இருந்தது. பஞ்சக்கா எடுத்த இடம் காலியாக இல்லை.

குழிக்குள் சின்னதாக, வெள்ளையாக ஒன்று கிடந்தது. தோல் ஏறாதது. வேர்ப்பக்கத்தில் ரத்தக் கறைகூட இன்னும் முழுதாகக் கரையவில்லை. ஒரு சொட்டு அதன்மேல் விழுந்தது. அது புரண்டு படுத்தது.

அவள் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அந்த வாரம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்திருந்தார்கள், கணவர் சொல்லியிருந்தார். எந்தப் பிள்ளையாவது ஆடிக்கொண்டிருந்த பல்லைப் பிடுங்கி எறிந்திருக்கலாம். ஆனால் கைப்பிடிக் கம்பியிலிருந்து கூட்டின் இந்த ஓரம் தெரியவே தெரியாது. எறிந்தாலும், இத்தனை முத்துக்கு நடுவே, சரியாக இந்தக் குழியில்? இருக்கலாம், இருக்கவே முடியாது என்று சொல்வதற்கில்லை. குழந்தைகள் எறிவது எங்கேயாவது போய் விழத்தான் செய்யும்.

மேனேஜர் சொன்னது நன்றாக ஞாபகம் இருந்தது. இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர் கல்லு டாக்டரைக் கூப்பிடுவார். அவள் இந்த முறை ரம்பத்தோடு பெரிய பெட்டியாகக் கொண்டுவருவாள். கொடுக்காமல் விட்டால், இது தெரியவரும் நாளில் இரண்டு பேருக்கும் வேலை இல்லை. இடுக்கி கையில்தான் இருந்தது.

யாரோ ஒருத்தி பத்திரமாக இருக்கட்டும் என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். எப்போது, எந்தப் பக்கமாக வந்து என்பதெல்லாம் பஞ்சக்காவுக்குத் தெரிய வேண்டியதில்லை.

தம்ளரிலிருந்து தன் முத்தை எடுத்து, கல்லு டாக்டர் காலி செய்த பக்கத்துக் குழியில் இறக்கினாள். கொஞ்சம் தளர்வாகத்தான் இருந்தது. போகப் போகச் சரியாகிவிடும். இரண்டின் மேலும் சொட்டு விழுகிறதா என்று பார்த்தாள். பிறகு சுற்றியிருந்த பாசியைத் துடைத்து, கல் இடுக்கில் சிக்கியிருந்த முடிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டாள். ஒன்று மட்டும் வெகு நீளமாக, கறுப்பாக வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. அதன் மறுமுனை கல்லுக்குள் போயிருந்தது. அந்த ஒன்றை விட்டுவிட்டாள்.

வெளியே மேனேஜர் ஆபீஸ் வாசலில் டீ குடித்துக்கொண்டு நின்றார். முத்தை வைத்தாயிற்றா என்று கேட்டார். ஆயிற்று என்றாள்.

"புதுசா ஒண்ணும் இல்லையே?"

பஞ்சக்கா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். அன்றைய பந்து வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"அங்க என்ன சார் புதுசு. எல்லாம் இருக்கிறதுதான்."